கஞ்சிரா லூப்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

தங்கை வயலின் சாதகம் செய்யும்போது கூடவே ஓட ஒரு தாளம் வேண்டும் என்றாள். மிச்ர சாபு, தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை. இணையத்தில் கிடைத்த லூப் (முடிந்ததும் தானே முதலுக்குத் திரும்பி ஓடும் ஒலித்துண்டு) தொகுப்புகள் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணுபவை. கஞ்சிரா (ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்டும் சின்னத் தோல் வாத்தியம்) கையில் இருக்கிறது, நாமே வாசித்துச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒலிப்பதிவு மென்பொருள் ரீப்பர். புது ப்ராஜெக்ட் 4/4 தாளம், வேகம் 120 என்று திறக்கும். அதை மாற்றாமல் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வாசித்து வெட்டினேன். வெட்டிய முனை திரையில் தாளத்தைக் காட்டும் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு எட்டாவது எண்ணிக்கைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு வெற்றிடம். 7/8, வேகம் 90 என்று வைத்ததும் அது சரியானது. நிமிடத்துக்கு 90 பீட், நம் எண்ணிக்கை அதில் அரை பீட்; ஆக ஒரு எண்ணிக்கை மூன்றில் ஒரு வினாடி, ஒரு ஆவர்த்தனம் 2.33 வினாடி. வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவுத் துணுக்கு) என்ற விகிதத்தில் பதிந்தால் ஒரு எண்ணிக்கைக்குச் சரியாக 16,000 சாம்பிள், மிச்சம் விழாது. லூப் நீளத்துக்கு இது பெரிய நிம்மதி.

ஆனாலும் தங்கைக்குத் திருப்தி இல்லை. "அண்ணா, ஒவ்வொரு சுத்து முடியும்போதும் யாரோ வாயைப் பொத்துற மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னது ரொம்பச் சரி. கடைசி 'மி'யை நான் கும்கியாக (தோலை அழுத்தி எழுப்பும், இழுபடும் கனத்த ஒலி) வாசித்திருந்தேன். அந்த 'ம்ம்' என்ற கார்வை அடுத்த சுற்றின் முதல் அடிக்குள்ளும் நீளும். லூப்பில் அது எல்லைக்கோட்டில் அறுபடுகிறது. கூடவே ஒரு 'டிக்'. முனைகளில் 5 மில்லி வினாடி க்ராஸ்ஃபேட் (ஒன்று தேய, அடுத்தது எழும்படி கலப்பது) போட்டேன். டிக் போனது, பொத்துவது போகவில்லை.

வழி கிடைத்தது இரண்டாவது ஞாயிறு. நிறுத்தாமல் பன்னிரண்டு ஆவர்த்தனம் வாசித்து, ஐந்து முதல் எட்டு வரை மட்டும் எடுத்தேன். ஐந்தாவதன் தொடக்கத்தில் நான்காவதன் கும்கி ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. எட்டாவதன் முடிவில் அறுபடும் கார்வை, திரும்ப முதலுக்கு வரும்போது அங்கேயே தொடர்கிறது. அதற்கு நான்காவதன் கடைசி அடியும் எட்டாவதன் கடைசி அடியும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு ஆவர்த்தனம் இருப்பதால் காதும் சலிப்பதில்லை. லூப் செய்கிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: முதல் சுற்றை எடுக்காதீர்கள், நடுவிலிருந்து எடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். என் 'த' மெட்ரோனோமுக்குக் கொஞ்சம் முந்தி விழும். கட்டத்தின் கோட்டிலேயே வெட்டினால் அந்த அடியின் முனை மழுங்கிவிடுகிறது. அதனால் தொடக்கம், முடிவு இரண்டையும் ஒரே அளவு, சுமார் 15 மில்லி வினாடி, முன்னால் நகர்த்தி வெட்டினேன். நீளம் மாறவில்லை: 4,48,000 சாம்பிள். எல்லா அடிகளையும் கட்டத்தில் இழுத்து நிறுத்தியும் பார்த்தேன்; வாசிப்பில் இருந்த உயிர் போய்விட்டது, திரும்ப விட்டுவிட்டேன்.

அன்றைக்கே தோலும் சோதித்தது. என்னுடையது ஆட்டுத்தோல். உள்பக்கம் தண்ணீர் தடவி, விரலால் பரப்பி, கும்கி நன்றாக இறங்கும்வரை காத்திருந்துதான் வாசிப்பேன். சத்தத்துக்காக ஃபேனை நிறுத்தியிருந்தேன். இடையில் வியர்வை தாங்காமல் பத்து நிமிடம் போட்டேன். தோல் காய்ந்து, அப்புறம் வாசித்ததில் சுருதி ஏறியிருந்தது. முன்னதையும் பின்னதையும் ஒட்டவே முடியவில்லை. இப்போது ஒரே மூச்சில் வாசித்ததிலிருந்துதான் எடுக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு, தங்கைக்கு 75 வேகத்தில் ஒன்று வேண்டியிருந்தது. ஆல்ட்டை அழுத்தி முனையை இழுத்தால் லூப் நீளும். ஆனால் 'தட்' என்ற அடி 'த்தட்' என்று இரட்டித்தது, சலங்கைத் தகடுகள் தண்ணீருக்குள் ஒலிப்பது போல் நடுங்கின. டேப் விசையால் அடி அடியாகத் தாவி, எஸ் அழுத்தித் துண்டுபோட்டு, துண்டுகளைப் புது வேகத்துக்கு நகர்த்தினேன். அடிகள் சுத்தமாக இருந்தன, கும்கிக்குப் பின்னால் மட்டும் அமைதி விழுந்தது. சரி என்று தோலை மறுபடி நனைத்து 75-லேயே வாசித்துவிட்டேன். நாலு ஆவர்த்தனம், 11.2 வினாடி.

நேற்று மாலை தம்புராவோடு சேர்த்து ஓடவிட்டாள். அரை மணி நேரத்துக்கு மேல் வாசித்தாள், நடுவில் நிறுத்தவில்லை. அடுத்து கண்ட சாபு, ஐந்து எண்ணிக்கை, கேட்டிருக்கிறாள்.