நாற்பத்தெட்டு வயதில் பைத்தான்: என்பிடெல் தேர்வு எழுதிய அனுபவம்

நடுவயதில் கம்ப்யூட்டர் படிக்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் ஞாபக சக்தியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கண்ணையும் கழுத்தையும் தூக்கத்தையும் முதலில் கவனியுங்கள் என்று நான் சொல்வேன். அதோடு, கைக்கு ஏற்கெனவே பழகிய ஒரு விஷயத்தோடு புதுப் படிப்பைக் கோத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கோலம்.

முதலில் தேர்வு விவரம். என்பிடெல், ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம். வயது வரம்பு கிடையாது. ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்கும். வீடியோ பார்க்கவும் வாராந்திரப் பயிற்சி செய்யவும் காசு வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நான் எடுத்தது ஐஐடி ரோப்பர் நடத்தும் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’ என்ற 12 வாரப் பாடம். பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதக் கற்றுத்தருவது.

பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பயிற்சியில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும் நமக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்தச் சலுகையை முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். பாடம் கடினமாவது கடைசி வாரங்களில்தான்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். ஏழு புள்ளி, இடைப்புள்ளி நான்கு வரை என்றால் கோலம் போடுகிறவர்களுக்கு உடனே புரியும். நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைந்துகொண்டே போகும். மொத்தம் 37 புள்ளிகள். பைத்தானோடு ‘டர்ட்டில்’ என்ற வரையும் கருவி கூடவே வருகிறது. அதில் இந்தப் புள்ளிகளை வைக்க, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ‘ஃபார்’ சுழற்சி ஒன்றுக்குள் இன்னொன்று வேண்டும். நான்கிலிருந்து ஏழு வரை என்பதற்கு ‘ரேஞ்ச்’ என்ற கட்டளையில் 4, 8 என்று கொடுக்க வேண்டும், ஏனென்றால் கடைசி எண் சேராது. 4, 7 என்று கொடுத்தால் ஏழு புள்ளி வரிசை திரையில் வரவே வராது. அந்த விதியைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் நழுவும். நடு வரிசை இல்லாத கோலத்தைக் கண்ணால் பார்த்தால் அப்புறம் மறக்காது.

சிக்குக் கோலம் இன்னும் சுவாரஸ்யம். மூலைப் புள்ளியைச் சுற்றிக் கோடு முக்கால் வட்டம் போய்த் திரும்ப வேண்டும், அதாவது 270 பாகை. எங்காவது ஒரு கோணம் பிசகினால் கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியமில்லை, கோலமே சொல்லிவிடும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் (விதிகளைக் கொண்டு வடிவங்களை உருவாக்கும் முறை) இணைத்து 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நம் வாசலில் இருந்த ஒன்றை அவ்வளவு முன்பே கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் சொல்லி முடியாது. உங்களுக்குத் தையல், சமையல், சீட்டுக் கணக்கு, தோட்டம் என்று எதுவாகவும் இருக்கலாம். கை அறிந்த விஷயத்தை வைத்துப் பழகினால் புது மொழி சீக்கிரம் படியும்.

அடுத்து உடம்பு. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவதுதான். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இருக்கும் கண்ணாடியோடு திரையைப் பார்த்தால், நம்மை அறியாமலே தலையை அண்ணாந்து வைப்போம். கழுத்து வலி அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். திரை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வீட்டிலேயே டேப்பால் அளந்துகொண்டு போய்க் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே கண்ணாடி எழுதித் தருவார்.

மறதி அதிகமாக இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் பி12, தைராய்டு, இரும்புச் சத்து மூன்றையும் சோதித்துப் பாருங்கள். இவை குறைந்தாலும் கவனம் சிதறும், சோர்வு வரும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் தூக்கம் கெடுவதும், சொற்கள் சட்டென்று நினைவுக்கு வராமல் போவதும் உண்டு. இதையெல்லாம் வெளியே சொல்லாமல் ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்று ஒதுங்கும் பெண்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம். படித்தது மூளையில் பதிவதற்கே தூக்கம் வேண்டும். சாப்பிட்டவுடன் உட்காராமல் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வாருங்கள், சர்க்கரைக்கும் நல்லது.

படிக்கும் முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். திரும்பத் திரும்ப வீடியோ பார்ப்பதை விட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது.

சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளைப் பயன்படுத்தலாமா? தாராளமாக. ஆனால் பயிற்சிக்கு விடை கேட்காதீர்கள். உங்கள் புரோகிராமில் வந்த பிழைச் செய்தியைக் கொடுத்து, ‘திருத்தித் தர வேண்டாம், இது எதனால் வருகிறது என்று மட்டும் தமிழில் சொல்’ என்று கேளுங்கள். அது சொன்னதை ஓட்டிப் பார்த்த பிறகே நம்புங்கள், தப்பையும் உறுதியாகவே சொல்லும்.

தேர்வு மூன்று மணி நேரம், கம்ப்யூட்டரில்தான். மையத்தில் சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள்தான் இருப்பார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஹால் டிக்கெட் அச்சுப் பிரதி, அசல் அடையாள அட்டை, திரைக்கான கண்ணாடி மூன்றையும் முந்தின இரவே எடுத்துவைத்துவிடுங்கள். 12 வாரம் அதிகம் என்று தோன்றினால் 4 வாரப் பாடங்களும் இருக்கின்றன, அதில் ஒன்றை எடுத்துத் தொடங்கலாம்.