பந்திங்கிலிருந்து தெரியும் கிழக்கு வானம்: மின்னலும் விமானமும் ஒரே படத்தில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங்கைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் இருந்தாலும் எங்கள் கிழக்கு வானம் முழுதாக இருண்டு நான் பார்த்ததில்லை. இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், 1998-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் விடியவிடிய விளக்கெரிய இயங்குவதால், தாழ்ந்த மேகங்களின் அடிப்பகுதி வெளுத்தே இருக்கும். அந்த வெளிச்சத்தை ஒதுக்காமல், இறங்கும் விமானங்களின் ஒளிக்கோட்டையும் அதன் பின்னால் வெட்டும் மின்னலையும் ஒரே படத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போது அது ஓரளவு கைகூடியிருக்கிறது.

இரண்டு வெளிச்சங்களையும் தனித்தனியே கையாளலாம் என்பது பிடிபட்ட பிறகுதான் படங்கள் திருந்தின. மின்னல் ஒரு வினாடிக்குள் வெட்டி மறைந்துவிடுவதால், கேமராவுக்குள் ஒளியை விடும் திரையான ஷட்டர் 10 வினாடி திறந்திருந்தாலும் 30 வினாடி திறந்திருந்தாலும் அதன் கீற்று ஒரே பிரகாசத்தோடுதான் பதியும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) ஐஎஸ்ஓவும்தான் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்). விமான நிலையத்தின் ஒளியோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே தொலைதூர மின்னலுக்கு அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200 என முதலில் வைத்துவிட்டு, பிறகு ஷட்டர் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறேன். எங்கள் வானத்துக்கு 12 வினாடி பொருந்துகிறது. அதற்கு மேல் போனால் அடிவானம் வெளுக்கிறது, மிகவும் குறைத்தால் விமானத்தின் கோடு குட்டையாக நின்றுவிடுகிறது. சரியாக அமைந்த படத்தில் இறங்குவிளக்கு தடித்த வெண்கோடாகவும், இறக்கை நுனியில் சிமிட்டும் விளக்குகள் அதையொட்டிக் கோத்த மணிகளாகவும் விழுகின்றன. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது.

நீண்ட நேரப் படங்களில் விழும் புள்ளிகளை நீக்க கேமராவில் இருக்கும் இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுவது அவசியம். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா அதே அளவு நேரம் தன் வேலையில் மூழ்கிவிடும். அந்த இடைவெளியில் வெட்டும் மின்னல் நமக்குக் கிடைக்காது. குளிரூட்டிய காடியிலிருந்து எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும் என்பதால், கேமராவைப் பையோடு சற்று நேரம் வெளியே வைத்துப் பிறகே திறக்கிறேன்.

எல்லா மழையும் இந்தப் படத்துக்கு உதவாது. நிலையத்தில் தரைப்பணி செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன், "தம்பி, மின்னல் எச்சரிக்கை வந்துட்டா நாங்க வேலைய நிறுத்திட்டு உள்ள போயிடுவோம்" என்றார். மழை ஓடுபாதைக்கு நேர் மேலே நிற்கும்போது விமானங்களும் வேறெங்கோ வட்டமிட்டுக் காத்திருப்பதால், படத்தில் கோடே விழுவதில்லை. நிலையத்துக்கும் அப்பால், சிரம்பான் பக்கத்து மலைகளின் மேல் மாலையில் திரண்டு இரவிலும் நீடிக்கும் மழைமேகமே நமக்கு வாய்ப்பானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா புயற்காற்று இதற்கு நேர்மாறு. நாம் கிழக்கே பார்த்து நிற்கையில் அது முதுகுக்குப் பின்னாலிருந்து வந்துவிடும். அந்த வேளையில் நான் கேமரா முக்காலியை விரிப்பதே இல்லை.

இருபது கிலோமீட்டருக்கு அப்பால் விழும் மின்னலின் இடி பெரும்பாலும் காதில் விழாது. ஆகவே இடியோசை கேட்டுவிட்டால், மின்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும் முக்காலியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும்.

ஓடுபாதைகள் வடமேற்குத் தென்கிழக்காக அமைந்திருப்பதால், காற்றின் திசையைப் பொறுத்து விமானங்கள் இறங்கும் பக்கமும் மாறுகிறது. நிலையத்துக்கு வடக்கே உள்ள டெங்கில் பக்கமிருந்து இறங்கும் இரவுகளில் கோடு அருகிலும் நீளமாகவும் கிடைக்கிறது. மறுபக்கமிருந்து வந்தால் அடிவானத்தோடு ஒட்டிய மெல்லிய கீற்றுதான் மிஞ்சுகிறது. அதனால் ஓரிரு விமானங்கள் இறங்கும்வரை பார்த்துவிட்டே கேமராவைத் திருப்புகிறேன்.