மகனின் கட்டிக்குப் பெயர் கிடைத்த விதம்

எட்டு வயது மகனின் வயிற்றுக் கட்டியிலிருந்து திசு எடுத்த பிறகு வந்த முதல் அறிக்கையில், 'சிறிய, உருண்டையான, நீலநிறச் செல்களைக் கொண்ட கட்டி' என்று மட்டுமே எழுதியிருந்தது. அதையே நோயின் பெயர் என்று எண்ணிக்கொண்டேன். நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் எனப் பல நோய்கள் வழக்கமான சாயத்தில் இப்படித்தான் தோன்றும் என்று நோயியல் மருத்துவர் விளக்கிய பிறகே, நாங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறோம் என்பது புரிந்தது.

எடுத்த திசு முழுவதையும், செல்களைக் கொன்று திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு வகை காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு உயிருள்ள செல்கள் வேண்டும் என்பதால், சில மணி நேரத்தில் தெரிந்திருக்கக்கூடிய விடைக்கு நாள்கணக்கில் காத்திருந்தோம். வீக்கம் குறையட்டும் என்று ஒருவர் ஸ்டீராய்டு தரவும் முன்வந்தார். லிம்போமா செல்களை ஸ்டீராய்டு விரைவாக அழித்துவிடும், இந்தத் திசு போதாமல் போனால் மறுபடி எடுப்பதில் எதுவும் தெரியாது என்று புற்றுநோய் மருத்துவர் தடுத்துவிட்டார். அழியும் கட்டிச் செல்களிலிருந்து யூரிக் அமிலம் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாதபடி, அதுவரை சிரைவழித் திரவம் ஏற்றி, அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

செல்லின் ஒவ்வொரு அடையாளப் புரதத்துக்கும் அதை மட்டுமே பற்றும் ஆன்டிபாடி உண்டு. அதைத் திசுச் சீவல்மேல் இட்டு நிறமேற்றினால், புரதம் உள்ள இடம் பழுப்பாகும். மருத்துவர் அந்தக் கண்ணாடித் தகடுகளைத் திரையில் காட்டினார். சிடி45 என்ற புரதம் பழுப்பாக இருந்ததால் இது இரத்த, நிணநீர்ச் செல்களின் குடும்பம். டி-செல் என்ற வெள்ளையணுவைக் காட்டும் சிடி3 அங்கங்கே சில புள்ளிகளாகவே தெரிந்தது, பி-செல் என்ற வெள்ளையணுவைக் காட்டும் சிடி20 திரை முழுக்கப் பழுப்பு, ஆகவே பி-செல். சிடி10-உம் பழுப்பாகியிருந்தது. பெருகும் செல்களைக் காட்டும் கேஐ-67, ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயராம் அது. அந்த நேரத்திலும் இதைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டேன்.

அவர் அதிக நேரம் நின்றது, முதிராத செல்களில் இருக்கும் டிடிடி புரதத்தின் தகட்டில்தான். அது பழுப்பாகியிருந்தால் முதிராத செல்களின் லிம்போபிளாஸ்டிக் லிம்போமா. சிகிச்சை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீளும். முதிர்ந்த பி-செல்களில் தோன்றி வேகமாக வளரும் பர்கிட் லிம்போமாவுக்கோ சில மாதங்களே, ஆனால் மிகக் கடுமையான மருந்துகள். ஒன்றுக்கான திட்டம் மற்றதற்குப் பொருந்தாது. தகட்டில் பழுப்பு எங்குமே இல்லை.

அன்றிரவே பர்கிட்டுக்கான மருந்து தொடங்கியது. செல் பெருக்கத்தைத் தூண்டும் எம்ஒய்சி மரபணு, பர்கிட்டில் நடப்பதுபோல் இடம்மாறியிருப்பதை உறுதிசெய்த ஃபிஷ் (ஒளிரும் குறிகளால் மரபணுவைப் பார்க்கும் சோதனை) அறிக்கை, முதல் சுற்று மருந்து ஓடிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது.