மகளுக்கு வீட்டிலேயே லத்தீன்: எங்களுக்குச் சரிப்பட்டு வந்த பாடத்திட்டம்

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் லத்தீன் படிக்க வேண்டும் என்றாள் மகள். காரணம் அழகன்குளம். வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும் ஜாடி ஓடுகளும் கிடைத்தன. காசில் இருக்கும் எழுத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் தங்கச்சிமடம் பக்கம் எந்தப் பள்ளியிலும் லத்தீன் கிடையாது. மாதா கோயில் பாட்டுகளைத் தாண்டி எனக்கும் தெரியாது. சரி, நான் ஒரு பாடம் முன்னால் படித்துக்கொண்டே போய் அவளுக்குச் சொல்லித் தருவது என்று முடிவு செய்தோம்.

பாதிரியார் ஆவதற்கான செமினரியில் சில வருடம் படித்த சித்தப்பாவிடம் முதலில் கேட்டது உச்சரிப்பைப் பற்றி. ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் பெயரே கோயில் முறையில் 'சிச்செரோ', பழைய ரோமானிய முறையில் 'கிகெரோ'. “எதை வேணும்னாலும் எடுத்துக்கோ, ரெண்டையும் கலந்துறாதம்மா” என்றார். நாங்கள் பழைய முறையை எடுத்துக்கொண்டோம்.

கையில் இருந்தது வீலாக் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய லத்தீன் பாடநூல். 1956-இல் முதலில் வந்தது, 40 அத்தியாயங்கள், கல்லூரி மாணவர்களுக்காக எழுதியது. வாரம் ஒரு அத்தியாயம் என்ற வேகம் பள்ளிப் பிள்ளைக்கு ஆகாது. அதைவிட முக்கியமான விஷயம், அந்த வரிசையே ஆங்கிலம் பேசுபவர்களுக்கானது. பெயர்ச்சொல் ஏன் உருபு ஏற்கிறது என்று அவர்களுக்கு விளக்கித்தான் ஆரம்பிக்க வேண்டும். எட்டு வேற்றுமையும் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை. எழுவாய், ஐ, கு, அது, விளி ஐந்துக்கும் லத்தீனில் தனித்தனி இடம் உண்டு. ஆல், இன், கண் மூன்றின் வேலையையும் ஆறாவது வடிவம் ஒன்றே பார்க்கிறது. 'நாவெ' என்றால் கப்பலால், 'அப் இன்சுலா' தீவிலிருந்து, 'இன் இன்சுலா' தீவில். ஒரே உட்காரலில் பிடித்துக்கொண்டாள். வினைமுற்று வாக்கியக் கடைசியில் வருவதும், 'நான்', 'நீ' இல்லாமலே வினை ஆளைச் சொல்லிவிடுவதும் அவளுக்குப் புதிதில்லை. எனவே ஆறு வேற்றுமைகளையும் தொடக்கத்திலேயே ஒன்றாக வைத்தேன்.

நெடில் குறிலுக்குத் தமிழ் எழுத்து பெரிய உதவி. 'இன்சுல' எழுவாய், 'இன்சுலா' ஆறாவது வடிவம். ரோமன் எழுத்தில் மேலே கோடு போட்டால்தான் இந்த வேறுபாடு தெரியும். ஆனால் ப, த, க வரிசைகளில் நம் எழுத்து இரண்டு ஒலிகளைப் பிரிக்காது. அதனால் சொல்லை ரோமனில் எழுதி, பக்கத்தில் தமிழில் நீளத்தை மட்டும் குறித்தோம்.

மிச்சமான நேரம் முழுவதும் பால் பாடத்துக்குப் போனது. நமக்கு மீன், தீவு, கடல் எல்லாம் அஃறிணை. லத்தீனில் மீன் ஆண்பால், தீவு பெண்பால், கடல் இரண்டும் அல்லாதது. பெயரைத் தனியாக மனப்பாடம் செய்யவே விடவில்லை. அடைமொழியோடுதான்: 'பிஸ்கிஸ் மக்னுஸ்', 'இன்சுல மக்ன', 'மரெ மக்னும்'. இது படிய மாதக்கணக்கானது. அவசரப்படாமல் விட்டதில் எனக்குத் திருப்தி. அப்புறம் கைகொடுத்தவை நம் கரையோர உயிர்களின் அறிவியல் பெயர்கள். கழுதைமுள்ளி 'அகாந்துஸ் இலிகிஃபோலியுஸ்', அலையாத்தி 'அவிகென்னியா மரீனா', கடல்புல் ஒன்று 'சிரிங்கோதியும் இசோயெதிஃபோலியும்'. மூன்று பாலும் வந்துவிட்டன. 'ஹொலொதூரியா ஸ்காப்ரா' என்ற கடல் அட்டையில் ஸ்காப்ரா என்றால் சொரசொரப்பான என்று பொருள், முன்னால் நிற்கும் பெயருக்கு ஏற்ப அதற்கும் பெண்பால் ஈறு. இந்தப் பயிற்சி எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அவளுக்கு இதுதான் பிடித்தது.

நேர அட்டவணையைப் படகு தீர்மானித்தது. விசைப்படகு கடலுக்குப் போகும் நாள்களில் மாலையில் வீடு அமைதியாக இருக்கும், புதுப் பாடம் அன்றைக்கு. படகு திரும்பும் காலையில் ஒன்றும் நடக்காது. மற்ற நாள்களில் பத்து நிமிடம் வினை ஈறுகளைச் சத்தமாகச் சொல்வாள், ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழிலிருந்து லத்தீனுக்குச் சில வாக்கியங்கள் எழுதுவாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் கோடை விடுமுறையும் சேர்ந்து வருவதால், அப்போது பழையதை மறுபடி ஓட்டுவது மட்டும்தான்.

பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு இலக்கணத்தை நிறுத்திவிட்டேன். தினமும் கொஞ்சம் வாசிப்பு, அவ்வளவுதான். விட்டுவிடாமல் இருக்க அது போதும்.

பொதுத்தேர்வு முடிந்த பிறகு காசுகளின் படங்களை எடுத்து வைத்தோம். 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் காசுகளில் பெரும்பாலும் சுருக்க எழுத்துதான். முதலில் வரும் இரண்டு எழுத்தை 'தோமினுஸ் நோஸ்தெர்', நம் ஆண்டவர் என்று விரித்தாள். பேரரசர் பெயருக்குப் பின்னால் வரும் 'பியுஸ் ஃபெலிக்ஸ் அவுகுஸ்துஸ்' வரை நான் உதவவே இல்லை.

இப்போது ரோமானிய எழுத்தாளர் பிளினியின் 'இயற்கை வரலாறு' ஆறாம் புத்தகத்தில் பாண்டிய மன்னனும் 'மொதுரா' என்று மதுரையும் வரும் பகுதியைப் படிக்கிறோம். வாக்கியங்கள் நீளம், ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் நகராது. பதினொன்றாம் வகுப்புக்கு நான் எழுதி வைத்திருப்பது வீரமாமுனிவர். தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியப் பாதிரியார்களுக்காக அவர் லத்தீனில் எழுதினார். வேற்றுமை பற்றிய பகுதியிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறோம்.