காலண்டர் தாளின் பின்பக்கம்

ஜூன் 2
மே மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மகளின் இரண்டு பாதங்களையும் வரைந்தேன். வலதில் கட்டைவிரல் பக்கத்து விரலை இன்னும் கொஞ்சம் நெருக்கியிருக்கிறது. பென்சில் சாய்ந்ததாகவும் இருக்கலாம். கூசுகிறது என்று காலை இழுத்துக்கொண்டாள்.

ஜூன் 5
மஞ்சக்குப்பத்தில் புது ஷூ. பழையதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். விரல் முட்டிய இடத்தில் துணி தேய்ந்து குழிந்திருக்கிறது. இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று சொன்னது நான்தான்.

ஜூன் 11
புதுச்சேரி போய் வந்தோம். பஸ்ஸில் ஏறியவர்களில் ஒருவர் முகமும் நினைவில் இல்லை. எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரேயை நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள். உடல் எடை இறங்கினால்தான் எலும்பு தன் உண்மையான சாய்வைக் காட்டுமாம். கட்டைவிரலின் சாய்வு 15 பாகை வரை இயல்பு. இவளுக்கு வலதில் 24, இடதில் 19. கட்டைவிரல் அடியில் துருத்தி நிற்கும் முண்டு புதிதாக முளைத்த எலும்பு இல்லையாம். பாதத்தில் கட்டைவிரலுக்குப் பின்னாலிருக்கும் நீள எலும்பு மற்றப் பாதத்தை நோக்கிச் சாய்கிறது, விரல் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, நடுவில் மூட்டு புடைத்துத் தெரிகிறது. ஒருமுறை சாய்ந்துவிட்டால் விரலை இழுக்கும் தசைநாண்களே வில்லின் நாண் போல நின்று மேலும் வளைக்குமாம். அவளைத் தாங்க வேண்டியதே அவளை இழுக்கிறது என்றால் நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம் என்றார் எலும்பு டாக்டர். எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு, மற்ற நான்கு நீள எலும்புகளுக்கும் விரல் பக்கம் இருக்கிறது. கட்டைவிரலின் நீள எலும்புக்கு மட்டும் குதிகால் பக்கம். அது மூடுவதற்குள் அங்கே கை வைத்தால் வளர்ச்சி கெடலாம். நேராக்கினாலும் வளர வளரத் திரும்ப வளைந்துவிடக்கூடும். பிறகு என்னைப் பார்த்து, "பெரியவள் ஆகிவிட்டாளா?" என்றார். அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வளருவாளாம். அவள் தரையைப் பார்த்தாள். இல்லை என்றேன்.

டிசம்பரில் மறுபடியும் எக்ஸ்ரே.

ஜூன் 12
வலிக்கிறதா என்று இனிமேல் கேட்கக்கூடாதாம். ஒரு நாளில் எட்டு முறை கேட்கிறேனாம். எண்ணியிருக்கிறாள்.

ஜூன் 15
பண்ருட்டி. வீடெல்லாம் பலாப்பழ வாசனை. அம்மா அறுபது வயது வரை முந்திரித் தோப்பில் வெறுங்காலோடு வேலை செய்தவள். ஷூவே தெரியாத அந்தக் காலில் கட்டைவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிப் படுத்திருக்கிறது. மெட்டியைக் கழற்ற முடியாமல் ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஷூ இருப்பதைக் கூட்டும், ஆனால் அது மட்டுமே காரணமில்லை, தாய்வழியில் வருவது அதிகம் என்று டாக்டரும் சொன்னார். அப்படியென்றால் ஷூவுக்காக நான் அழுத இரவுகள் வீண். அழ வேண்டியது வேறொன்றுக்கு.

அம்மாவின் கவலை: "இவளுக்கு நாளைக்கு மெட்டி எப்படிப் போடுவது?" பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்து! பதில் சொல்லாமல் பலாச்சுளை உரித்தேன். கையெல்லாம் பிசின்.

ஜூன் 19
தேவனாம்பட்டினம். ஈர மணலில் அவள் தடம் முழுதாகப் பதிகிறது, நடுவில் வளைவே இல்லை. தட்டைப் பாதம், தளர்ந்த மூட்டுகள், எல்லாம் சில சமயம் இதோடு சேர்ந்து வருமாம். இருபது படம் எடுத்திருக்கிறேன். ஒன்றிலும் அவள் முகம் இல்லை.

ஜூன் 24
இரவில் கட்டும் பட்டை வாங்கினேன். வளைவை நிமிர்த்தாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வாங்கினேன். இரவு இரண்டு மணிக்குக் கழற்றி ஜன்னலோரம் எறிந்திருக்கிறாள்.

ஜூன் 27
முன்பக்கம் அகலமான ஷூ பழுப்பு நிறத்தில்தான் கிடைத்தது. பள்ளியில் கறுப்பு வேண்டுமாம். கடிதம் கேட்கிறார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். "ஊனம்" என்று எழுதினால் உடனே அனுமதிப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எழுதமாட்டேன். ஷூவுக்குக் கறுப்புச் சாயம் பூசினேன், கொஞ்சம் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது.

ஜூலை 1
ஜூன் தாள். மே தாளின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பாதம் நீண்டிருக்கிறது. சீக்கிரம் வளர்ந்து முடியட்டும் என்று ஒரு கணம், வளரவே வேண்டாம் என்று மறு கணம்.

ஜூலை 4
ஒன்றுமில்லை. மழை.

ஜூலை 9
பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, "இன்றைக்கு உன் கால்" என்றாள். சேலையைத் தூக்க மறுத்தேன். கல்யாண மேடையில் மெட்டி போட்டபோதுகூட இந்தக் காலைப் பாதிதான் காட்டினேன். விடவில்லை. வரைந்து, கோணமானியை வைத்து, "முப்பது!" என்றாள், பரிசு விழுந்ததைப் போல. பிறகு மெதுவாக, "உனக்கு வலிக்குமா அம்மா?" என்றாள்.

மழைக்காலத்தில் கொஞ்சம் என்றேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 11
காலை ஐந்து மணி. வயிறு வலிக்கிறது என்று எழுப்புகிறாள்.