ஏழு நிமிடமும் நடுவரின் கையும்

துபாயிலிருந்து அல் அயின் செல்லும் நெடுஞ்சாலையில் கட்டடங்கள் குறைந்து மணல்வெளி தொடங்கும் இடத்தில் 'தி செவன்ஸ்' என்ற மைதானம் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும் அந்த இடம், நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கும் வாரத்தில் மட்டும் ஒரு சிறிய நகரமாகிவிடும். அந்த வாரத்தில் நடக்கும் சர்வதேச எழுவர் ரக்பிப் போட்டிகளில், பெரிய திரையில் ஓடும் கடிகாரத்தையும் புள்ளிகளையும் இயக்கும் வேலையை நான்கு ஆண்டுகள் செய்தேன். ஆட்டத்தின் அதிகாரபூர்வ நேரம் என் கையில் இருந்ததில்லை. அதற்கென்று நியமிக்கப்பட்ட நேரக்காப்பாளர் களத்தின் ஓரத்தில் தனியாக அமர்ந்திருப்பார். அவரிடம் இருக்கும் நேரத்தைப் பார்வையாளர்களும் வீராங்கனைகளும் பார்க்கும்படி திரையில் காட்டுவது மட்டுமே என் பொறுப்பு. கேட்பதற்கு எளிதாக இருக்கும் அந்த வேலையில் நான் செய்த ஒரு பிழை இன்றுவரை மனத்தை விட்டுப் போகவில்லை.

முதல் நாள் என்னை அந்த மேசையில் அமர்த்திய மூத்த தொழில்நுட்பர் திருநெல்வேலிக்காரர். விதிகளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "பந்தப் பாக்காதம்மா, நடுவர் கையப் பாரு. பந்தப் பாத்தீன்னா கெட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அந்த அறிவுரையின் கனம் எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

எழுவர் ரக்பியில் ஒரு பாதி என்பது ஏழு நிமிடம், இடைவேளை இரண்டு நிமிடம். பதினைந்து பேர் ஆடும் ரக்பிக்கான அதே அளவுக் களத்தில், ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்திலும் எழுபது மீட்டர் அகலத்திலும், பக்கத்துக்கு ஏழு பேர் மட்டும் ஓடுவதால் ஒருத்தி ஒரு கணம் தடுமாறினாலும் எதிரணிக்கு வெட்டவெளி திறந்துவிடும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி ட்ரை என்று சொல்லப்படும் ஐந்து புள்ளி ஒன்று விழுந்தால், கூடுதல் இரண்டு புள்ளிக்கான உதையை முப்பது விநாடிக்குள் அடித்தாக வேண்டும். அதையும் பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போதுதான் உதைக்க வேண்டும். மஞ்சள் அட்டை வாங்கியவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். பதினான்கு நிமிட ஆட்டத்தில் இரண்டு நிமிடம் என்பது ஏழில் ஒரு பங்கு என்பதால், அந்த நேரத்துக்கென்று என் திரையில் தனியாக ஒரு சிறு கடிகாரம் ஓடும். இத்தனைக்கும் நடுவே, ஒருவர் அடிபட்டு விழுந்து நடுவர் கை காட்டினால் எல்லாக் கடிகாரங்களும் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நான் கபடி ஆடியவள். அங்கும் பக்கத்துக்கு ஏழு பேர், பாடிச் செல்பவருக்கு முப்பது விநாடி. அதனால் இந்த ஆட்டம் எனக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. இடுப்பைப் பிடித்து வீழ்த்துவதைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளித்தபோது எனக்குப் பழைய நினைவுதான் வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உறுத்தியது. நாங்கள் ஆடிய காலத்தில் ஆண்களுக்கு ஒரு பாதி இருபது நிமிடம், பெண்களுக்குப் பதினைந்து நிமிடம். ஏன் அந்த ஐந்து நிமிடம் குறைந்தது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. இங்கே ஆண்கள் ஆட்டமும் பெண்கள் ஆட்டமும் ஒரே நாளில் ஒரே களத்தில் மாறி மாறி நடக்கும்; ஆண்களுக்கு நான் ஓட்டிய அதே ஏழு நிமிடத்தைத்தான் பெண்களுக்கும் ஓட்டினேன். இயந்திரத்தில் ஆண் பெண் என்று தெரிவு செய்ய ஒரு பொத்தானும் இல்லை என்பதை முதல் நாள் கவனித்து, யாரிடமும் சொல்லாமல் மகிழ்ந்தேன்.

அந்த மைதானத்துக்கும் பெண்கள் ரக்பிக்கும் நெருக்கமான உறவு உண்டு. எழுவர் ரக்பி உலகக் கோப்பையில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கொடுத்தது 2009 மார்ச்சில், இதே புல்தரையில்தான். இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் ஆஸ்திரேலியா 15-10 என்று நியூசிலாந்தை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் எழுவர் ரக்பிக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. 2012-இல் பெண்களுக்கான உலகத் தொடர் தொடங்கியபோதும் முதல் சுற்று துபாயில்தான் நடந்தது. இதெல்லாம் நான் பின்னால் அறிந்துகொண்டவை. வேலையில் இருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது மட்டுமே.

பிழை நடந்தது மூன்றாம் ஆண்டில். மாலை மங்கி விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பாலைவனத்துக் குளிர்காலப் பனி இறங்கி, மேசை மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் உறையைத் துடைத்துத் துடைத்து என் கைக்குட்டை நனைந்திருந்தது. எந்த அணிகள் என்பதைச் சொல்லப் போவதில்லை. இரண்டாம் பாதியின் பிற்பகுதியில், முன்னிலையில் இருந்த அணியின் ஓரத்து வீராங்கனை ஒருத்தி தொடுகோட்டை ஒட்டி ஓடத் தொடங்கினாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. தன்னைத் துரத்தியவளை உள்ளங்கையால் நெஞ்சில் தள்ளி, வேகம் சற்றும் குறையாமல் அவள் போனதை என் கண்கள் தாமாகவே பின்தொடர்ந்தன. அவள் பிடிபட்ட இடத்தில் இன்னொருத்தி அடிபட்டு விழுந்தாள், நடுவர் கையை உயர்த்தினார், என் ஹெட்செட்டில் 'நிறுத்து' என்ற குரலும் வந்தது. என் விரல் பொத்தானுக்குப் போனபோது திரையின் கடிகாரம் பதினொரு விநாடி கூடுதலாக ஓடியிருந்தது.

அதை உடனே திருத்தியிருக்கலாம். திரையில் நேரம் பின்னோக்கிப் போனால் என் பிழை அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில், அடுத்த முறை ஆட்டம் நிற்கும்போது சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பதினொரு விநாடிப் பிழை கவனக்குறைவால் வந்தது. திருத்தாமல் விட்டதை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆட்டம் அதன் பிறகு நிற்கவே இல்லை.

இந்த விளையாட்டில் நேரம் முடிந்து ஊதொலி எழுந்தாலும் ஆட்டம் முடிவதில்லை. பந்து உயிரோடு இருக்கும்வரை ஆட்டமும் உயிரோடு இருக்கும். ஆகவே முன்னிலையில் இருக்கும் அணி ஊதொலிக்காகக் காத்திருந்து, அது கேட்டதும் பந்தைக் களத்துக்கு வெளியே உதைத்து ஆட்டத்தை முடித்துக்கொள்வது வழக்கம். பந்தை வைத்திருந்தவள் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். ஏழு நிமிடம் முடிந்துவிட்டதாக அது காட்டியது. கூச்சலில் ஊதொலி கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்திருப்பாள். ஓங்கி வெளியே உதைத்துவிட்டு இரு கைகளையும் விரித்தாள். நடுவரோ பந்தைக் களத்துக்குள் எறிந்து ஆட்டத்தைத் தொடரும் வாய்ப்பை எதிரணிக்குக் கொடுத்தார். உண்மையான நேரத்தில் இன்னும் பதினொரு விநாடி மிச்சமிருந்தது.

எதிரணியின் கையிலிருந்து பந்து நழுவியது, ஊதொலி எழுந்தது, முடிவு மாறவில்லை. ஆனால் இடைப்பட்ட அந்தச் சில விநாடிகளில் அவள் இன்னொரு முறை திரையைப் பார்த்தாள். கோபம் இல்லை. நம்பிய ஒன்றைச் சரிபார்ப்பது போன்ற பார்வை. எனக்கு மேலே இருந்தவர்கள் ஒரு வரி அறிக்கையோடு விட்டுவிட்டார்கள். திருநெல்வேலி அண்ணன் மட்டும் இரவு வண்டியில் திரும்பும்போது, "பந்தப் பாத்துட்ட, இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா ஓடினாளா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

அதன் பிறகு இறுதி ஊதொலிக்கு முன் நான் பந்தைப் பார்த்ததே இல்லை. கடைசி ஆட்டம் முடிந்தபின்தான் தலையை நிமிர்த்துவேன். கோப்பையை வென்ற நியூசிலாந்துப் பெண்கள் தொடையைத் தட்டிக் காலைத் தரையில் மிதித்து ஹக்கா என்ற மாவோரி மரபு நடனம் ஆடியதையும், ஃபிஜிப் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக நின்று பாடியதையும் முழுமையாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

வேலையை விட்டபின், 2024 ஜூலை 30 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க உட்கார்ந்தேன். இனி எந்தப் பொத்தானும் என் விரலுக்குக் கீழே இல்லை, இந்த முறை பந்தைத்தான் பார்ப்பது என்று தீர்மானம் செய்திருந்தேன். ஆஸ்திரேலியா 12-7 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி விநாடிகளில் அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் தன் எல்லைக்கு அருகே பந்தை வாங்கி, பிடிக்க வந்தவர்களை உடைத்துக்கொண்டு வெளியேறி, களத்தின் நீளம் முழுவதும் ஓடி ட்ரை வைத்தார். கூடுதல் புள்ளிக்கான உதையையும் தாமே அடிக்க, ஆட்டம் 14-12 என்று முடிந்தது. எழுவர் ரக்பியில் அமெரிக்காவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

வீட்டில் எல்லோரும் துள்ளிக் குதித்தபோது, என் கண் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தின் மேல் இருந்தது. செட்ரிக் தடுப்பாட்டத்தை உடைத்த அந்த இடத்தை நான் மறு ஒளிபரப்பில்தான் பார்த்தேன்.