காதுல விழுற இங்கிலீஷ்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

இங்கிலீஷ் நல்லா பேசுறவங்க வாக்கியத்த எங்க புடிச்சு ஆரம்பிக்கிறாங்கன்னு கொஞ்ச நாளைக்கு குறிச்சு வைக்கலாம்னு இருக்கேன், மீட்டிங்கோ மெயிலோ பேட்டியோ எதுவா இருந்தாலும் சரி. இடியம், அதாவது மரபுத்தொடர்னு சொன்னா உடனே 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னு ஒண்ணு எல்லாருக்கும் வாயில வந்துரும், ஆனா நெஜமா மழை பெய்யும்போது அத சொல்ற ஆள் ரொம்ப கம்மி, 'இட்ஸ் போரிங்' (pouring, மழை கொட்டுது)னு சொல்லிட்டு போயிடுவாங்க. இன்னிக்கு காதுல விழுந்தது எல்லாமே சப்புன்னு இருக்கிற ஐட்டம்தான். 'த திங் இஸ்', 'இட் டிபெண்ட்ஸ்', 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ', 'அட் த எண்ட் ஆஃப் த டே'. எந்த இடியம் லிஸ்ட்லயும் இதுக்கு மேடை கிடைக்காது, ஆனா பேச்சு நகர்றதே இதுங்கள வச்சுத்தான்.

இதுல 'த திங் இஸ்' நல்லா கவனிச்சீங்கன்னா சப்பைக்கட்டுக்கு முன்னாடி வரும். வேலை முடியல, வர முடியல, பணம் இல்ல, இதுல ஏதோ ஒண்ணு பின்னாடியே வருதுன்னு அர்த்தம். நம்ம 'விஷயம் என்னன்னா' அப்படியே அச்சு அசல். இன்னொண்ணு, தாய்மொழியா பேசுறவங்களே 'த திங் இஸ், இஸ் தட்'னு ரெண்டு 'இஸ்' போடுவாங்க. முதல் மூணு வார்த்தையும் ஒட்டி ஒரே கட்டியா ஆயிடுச்சு, அதனால வாக்கியத்துக்குன்னு தனியா ஒரு 'இஸ்' தேவைப்படுது போல.

மார்ச் 6, வியாழன்

'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் செண்ட் மீ த ஃபைல்'. இன்னிக்கு வந்த மெயில். கேக்குறது இப்போ, ஃபைல் வேணும்ங்கிறதும் இப்போ, ஆனா வாக்கியம் பூரா இறந்தகாலம். 'கேன் யூ'ன்னா நேரா கேக்குறது, 'குட் யூ' ஒரு படி பணிவு, 'ஐ வாஸ் வொண்டரிங்' அதுக்கும் மேல. காலத்த ஒரு அடி பின்னாடி தள்ளுனா கேக்குறவரும் ஒரு அடி பின்னாடி தள்ளி நிக்கிற மாதிரி ஆயிடுது, முடியாதுன்னு சொல்றவருக்கும் சங்கடம் குறையுது.

நமக்கு 'ங்க' இருக்கு, வேலை முடிஞ்சது. அவங்க கிட்டயும் ஒரு காலத்துல நீ, நீங்க மாதிரி 'தௌ', 'யூ'ன்னு ரெண்டு இருந்துச்சு, 17ஆம் நூற்றாண்டுலயே 'தௌ' பொதுப்பேச்சுல இருந்து ஒதுங்க ஆரம்பிச்சிருச்சு. அதனாலதான் இப்படி சுத்தி வளைக்கிறாங்கன்னு அடிச்சு சொல்லமாட்டேன், ஆனா மரியாதைய எங்கயாவது ஒரு இடத்துல வச்சுத்தானே ஆகணும்.

இதோட தம்பி 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்'. உக்காருங்கன்னு சொல்லணும்னா 'நோ' சொல்லணும், ஏன்னா கேள்வியே 'உங்களுக்கு ஆட்சேபணை உண்டா'ன்னுதான் இருக்கு. அதுலயும் பல பேரு 'ஷ்யூர்'னு சொல்றாங்க, கேட்டவரும் கம்முனு உக்காந்துடுறாரு. இலக்கணப்படி தப்பு, ஆனா யாருக்கும் குழப்பமே இல்ல, அதான் எனக்கு புடிச்சிருக்கு.

மார்ச் 9, ஞாயிறு

லீவு நாள், கார்ப்பஸ்ல, அதாவது ஜனங்க நெஜமா எழுதின, பேசின இங்கிலீஷ சேத்து வச்ச கணினித் தொகுப்புல, மேஞ்சுட்டு இருந்தேன். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ்ல சுமார் 10 கோடி வார்த்தை இருக்கு, ஒரு சொல்ல குடுத்தா அது வர்ற வரியெல்லாம் எடுத்து, சொல்ல நடுவுல நேர்கோடா அடுக்கி, ரெண்டு பக்கமும் கூட வர்றவங்கள காட்டும். மேலேர்ந்து கீழ படிச்சா போதும், கூட்டாளி யாருன்னு தெரிஞ்சுரும்.

இந்த மாதிரி வரி வரியா பாத்து அகராதி போட்டவர் ஜான் சின்க்ளேர், பர்மிங்காம் பல்கலைக்கழகம், 1987ல கோபில்ட் அகராதி. அவர் சுட்டிக்காட்டின ஒண்ணு எனக்கு மறக்கவே மறக்காது: 'செட் இன்'. வெறும் 'தொடங்குச்சு'ன்னுதான நெனப்போம்? வரிகள பாத்தா அழுகல் செட் இன் ஆகுது, சிதைவு செட் இன் ஆகுது, விரக்தி செட் இன் ஆகுது. சந்தோஷம் செட் இன் ஆகுறத தேடித்தான் புடிக்கணும். சின்க்ளேரோட வாதம் என்னன்னா நாம வார்த்தை வார்த்தையா கோக்கிறத விட, பாதி கட்டி முடிச்ச துண்டுகளத்தான் எடுத்து வைக்கிறோம். எனக்கு இதுல சந்தேகமே இல்ல, இந்த நோட்டுல இதுவரைக்கும் ஏறுனது எல்லாமே அந்த மாதிரி துண்டுதான்.

மார்ச் 13, வியாழன்

சின்ன குறிப்பு. 'ஸ்பில் த பீன்ஸ்'னா ரகசியத்த போட்டு உடைக்கிறது, அத திருப்பி 'த பீன்ஸ் வேர் ஸ்பில்டு'ன்னாலும் ரகசியம்தான் வெளிய வருது. 'கிக் த பக்கெட்'னா மண்டைய போடுறது, ஆனா 'த பக்கெட் வாஸ் கிக்டு'ன்னு சொன்னா யாரும் சாகல, யாரோ வாளிய எத்திட்டாங்க, அவ்வளவுதான். பீன்ஸுக்கு உள்ள 'ரகசியம்'னு ஒரு தனி பொருள் உக்காந்திருக்கு, வாளிக்குள்ள ஒண்ணுமே இல்ல. இடியம் லிஸ்ட் போடுறவங்க இத சொல்லவே மாட்டாங்க, ஆனா சொல்ல வேண்டியது இதத்தான்.

மார்ச் 19, புதன்

'லெட் அலோன்' ரொம்ப நாளா பாக்கி. 'ஹி காண்ட் வாக், லெட் அலோன் ரன்'. சுலபமானது முன்னாடி, கஷ்டமானது பின்னாடி, இந்த வரிசைய மாத்துனா வாக்கியம் படுத்துரும். ஃபில்மோர், கே, ஓ'கானர்னு மூணு மொழியியல்காரங்க 1988ல இந்த ரெண்டு வார்த்தைக்காகவே நீளமா ஒரு கட்டுரை எழுதினாங்க, இந்த மாதிரி தொடர்களையே இலக்கணத்தோட அடிப்படை அலகா பாக்குற, கட்டுமான இலக்கணம்னு பின்னாடி வளந்த துறைக்கு அது ஒரு அஸ்திவாரம். ரெண்டே ரெண்டு வார்த்தைக்கு அவ்வளவு பக்கமான்னு முதல்ல தோணும், நாலு உதாரணம் போட்டு பாத்தா இதுல எவ்வளவு இருக்குன்னு புரியும்.

நம்மாளு இத தலைகீழா செய்வான். 'ஓடுறது இருக்கட்டும், நடக்கவே முடியல'. கஷ்டமானத முதல்ல தூக்கி ஓரமா வச்சுட்டு சுலபமானதுல போய் முடிக்கிறோம். அதனால தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல சொல்லும்போது 'ஹி காண்ட் ரன், லெட் அலோன் வாக்'னு வந்து விழுற வாய்ப்பு ஜாஸ்தி, ரெண்டு வார்த்தையும் சரி, இலக்கணமும் சரி, ஆனா கேக்குறவருக்கு நெத்தி சுருங்கும்.

'த மோர் த பெட்டர்' பத்தியும் ஒரு வரி. இதுல வர்ற 'த' வழக்கமான 'த' இல்ல, பழைய ஆங்கிலத்துல 'அந்த அளவால'ன்னு பொருள் குடுத்த ஒரு வேற்றுமை வடிவத்தோட மிச்சம். 'எவ்வளவுக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு அவ்வளவு'ன்னு நாம வாய் நிறைய சொல்றத அவங்க ரெண்டு 'த'வுல முடிச்சுடுறாங்க, வினைச்சொல் கூட வேணாம்.